கத்தி பிடிக்கும் கைக்கு மீண்டும் ஒரு சான்று

சத்திரசிகிச்சைக்கு அழைத்துச் செல்வதற்கு முன் தாதி ஒருவர் ஒரு தாளைக் கொண்டு வந்து கையொப்பம் கேட்பார். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் இருந்து போகும் பெண்கள் பலர், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை. தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் கேட்கவும் கூச்சம். "டொக்டர் ஐயாவுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது" என்று சொல்லிக் கையொப்பத்தை வைத்துவிடுகிறோம்.

அந்த ஒரு கையொப்பத்தோடு நம் உடம்பையே இன்னொருவரின் கையில் ஒப்படைத்து விடுகிறோம். அந்தக் கைக்கும் ஒரு தாள் இருக்கிறது. "இவர் சத்திரசிகிச்சை செய்யத் தகுதியானவர்" என்று சொல்லும் சான்றிதழ் அது. அதை யார் கொடுக்கிறார்கள்? ஒரு முறை கொடுத்தால் ஆயுள் முழுவதும் செல்லுமா? இடையில் பல வருடம் தொழிலை விட்டவர் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும்? இவை வைத்தியர்களின் விஷயம், நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சான்று தவறினால் வலி நமக்குத்தான்.

நோர்வூட்டில் இந்தப் பேச்சு ஏன்?

மலையகத் தோட்டங்களில் நோய் என்றால் முதலில் போகும் இடம் தோட்டத்து டிஸ்பென்சரிதான். பல தலைமுறைகளாக நம் மக்களுக்கு வைத்தியர் என்றால் டிஸ்பென்சர் ஐயாதான். காய்ச்சலுக்கு மருந்தும் காயத்துக்குக் கட்டும் அங்கே கிடைக்கும். வயிற்றைத் திறக்க வேண்டிய நோய் என்றால் துண்டு எழுதி வெளியே அனுப்புவார்கள். லொறியிலும் கொழுந்து வண்டியிலும் ஏற்றிப்போன கதைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கின்றன. போகும் வழியிலேயே முடிந்துபோன கதைகளும் இருக்கின்றன.

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை டிக்கோயா கிளங்கனில் திறக்கப்பட்டது. திறந்து வைத்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அன்று நோர்வூட் மைதானத்தில் மக்களிடம் பேசினார். கட்டடம் வந்தது மகிழ்ச்சிதான். ஆனால் கட்டடம் சத்திரசிகிச்சை செய்யாது. அதைச் செய்பவர் சத்திரசிகிச்சை நிபுணர். அவரோடு மயக்க மருந்து கொடுக்கும் நிபுணர், பயிற்சி பெற்ற தாதியர், இரத்த வங்கி எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு சத்திரசிகிச்சைக் கூடம் உயிர் பெறும்.

நம் வாசகிகளில் பலருக்கு இந்த மலையும் வன்னியும் இரண்டு ஊர் அல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து இங்கிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அங்கே யுத்தத்தில் அகப்பட்டு, உடம்பில் குண்டுச் சிதறலோடு வாழும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சத்திரசிகிச்சை என்பது ஒரு நாளோடு முடிந்த காரியம் அல்ல. வலி கூடும்போது திரும்பவும் ஒரு நிபுணரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

முதல் சான்று எப்படிக் கிடைக்கிறது?

இலங்கையில் மேலைத்தேய வைத்தியம் செய்யும் எவரும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் இதற்கு அடிப்படை. மருத்துவபீடத்தில் ஐந்து வருடம் படித்துப் பட்டம் பெற்றவருக்கு முதலில் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும். அதன் பின் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. மூத்த வைத்தியர்களின் கண்முன்னே இரவு பகலாக வேலை பழகி முடித்த பிறகே முழுப் பதிவு வரும்.

இத்தனையும் முடிந்தாலும் அவர் வைத்தியர்தான். சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. அதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் போட்டிப் பரீட்சை எழுதி இடம் பெற வேண்டும். 1980இல் தொடங்கிய நிறுவனம் அது. பல வருடம் பயிற்சி, மேற்பட்டப் பரீட்சை, பெரும்பாலும் வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றிலும் பயிற்சி என்று போய், கடைசியில்தான் நிபுணர் என்ற சான்று கிடைக்கிறது. உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை சத்திரசிகிச்சை நிபுணராக வருவதற்குள் தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு படி உண்டு. ரஷ்யா, சீனா, பங்களாதேஷ் போன்ற நாடுகளில் மருத்துவம் படித்துத் திரும்பும் பிள்ளைகள் மருத்துவ சபை நடத்தும் பதிவுப் பரீட்சையில் தேற வேண்டும். அதன் பிறகே உள்ளகப் பயிற்சி. பெற்றோர் காணியை ஈடு வைத்து, நகையை விற்று அனுப்பிய பிள்ளை பட்டத்தோடு வந்தும் பல தடவை இந்தப் பரீட்சையை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும். ஆனாலும் இந்தப் பரீட்சை நியாயமானதே. வெளிநாட்டிலிருந்து மனிதாபிமானப் பணிக்கு வரும் வைத்தியர்கள்கூட இங்கே தற்காலிகப் பதிவு பெற்றுத்தான் வேலை செய்ய வேண்டும்.

இதே படியைத்தான் நம்மவர்கள் வெளிநாட்டிலும் ஏறினார்கள். யுத்த காலத்தில் இங்கிலாந்து, கனடா என்று போன தமிழ் வைத்தியர்கள் அங்கே மீண்டும் மாணவர்களைப் போலப் புத்தகம் எடுத்தார்கள். இங்கிலாந்தில் வெளிநாட்டு வைத்தியர்களுக்கான தகுதிப் பரீட்சை 1970களின் நடுவில் தொடங்கியது. இங்கே பெரிய டொக்டராக இருந்தவர் அங்கே போய் இளையவர்களோடு வாங்கில் உட்கார்ந்து பரீட்சை எழுதுவது சுலபமான காரியமா?

சான்று கேட்காத காலம்

இந்த இடத்தில் வன்னியிலிருந்து வந்த சகோதரிகள் ஒரு கேள்வி கேட்கலாம். "2009இல் எங்கள் காலை வெட்டி உயிரைக் காப்பாற்றியவரிடம் யார் சான்று கேட்டார்கள்?" நியாயமான கேள்வி.

அந்த மாதங்களில் புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலை இடம் மாறிக்கொண்டே இருந்தது. பாடசாலைக் கட்டடமும் கூடாரமும் சத்திரசிகிச்சைக் கூடமாயின. மயக்க மருந்து போதவில்லை. நிபுணர் இல்லாத இடத்தில் பொது வைத்தியர்களே கத்தியை எடுக்க வேண்டி வந்தது. வைத்தியர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோரின் பெயர்களை அங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். யுத்தம் முடிந்த 2009 மே மாதத்தில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் மாதத்தில் விடுவிக்கப்பட்டார்கள். வைத்தியர் சத்தியமூர்த்தி பின்னாளில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளராகப் பல வருடம் பணியாற்றினார்.

அவர்களோடு நின்று இரத்தம் துடைத்த, கட்டுப் போட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களின் கை அந்தச் சில மாதங்களில் கற்றது கொஞ்சமல்ல. ஆனால் கையில் ஒரு தாளும் இல்லாமல் முகாமுக்கு வந்தார்கள்.

இதிலிருந்து ஓர் உண்மையை நாம் விளங்கிக்கொள்ளலாம். தாள் வேறு, கை வேறு. தாள் தொலைந்தால் பிரதி எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம் இருக்கிறது. பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களம் இருக்கிறது. கை மறந்தால் பிரதி எடுக்க முடியாது. திரும்பப் பழகத்தான் வேண்டும். யுத்தத்தில் தாள் இல்லாமல் கை மட்டும் வேலை செய்தது. அன்று அதற்கு வேறு வழி இருக்கவில்லை. அமைதிக் காலத்தில் அந்த நிலையை ஏற்க முடியாது. தாளும் வேண்டும், அந்தத் தாளில் எழுதியபடி இன்றும் வேலை செய்யும் கையும் வேண்டும். மறுசான்று என்பது இதைத்தான் கேட்கிறது.

ஒரு முறை தேறினால் போதுமா?

1980இல் நிபுணராகத் தேறிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் படித்த காலத்தில் பித்தப்பைக் கல்லை எடுக்க வயிற்றை நீளமாகத் திறப்பார்கள். 1980களின் பிற்பகுதியில் சிறு துளைகள் போட்டுக் கமெராவைச் செலுத்திச் செய்யும் முறை ஐரோப்பாவில் தொடங்கி உலகமெங்கும் பரவியது. 1980இல் வாங்கிய சான்றிதழ் இந்தப் புது முறையைப் பற்றி எதுவும் சொல்லாது. அவர் தனியாகப் பழகினாரா, பழகாமலே செய்கிறாரா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர வைத்தியசாலை ஒன்றில் நடந்தது உலகத்தின் கண்ணைத் திறந்தது. அங்கே குழந்தைகளுக்கு இருதய சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. செய்தவர்கள் சான்று பெற்ற நிபுணர்கள்தான். ஆனால் மற்ற இடங்களைவிட அங்கே கூடுதலான குழந்தைகள் இறந்தார்கள். மயக்க மருந்து நிபுணராக இருந்த ஸ்டீபன் பொல்சின் கணக்கெடுத்துக் காட்டியும் நீண்ட காலம் எவரும் காது கொடுக்கவில்லை. 2001இல் வெளிவந்த விசாரணை அறிக்கையின்படி, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 வரையான குழந்தைகள், சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக அங்கே இறந்திருந்தார்கள். பெற்ற தாய்மார் கேட்டது ஒன்றுதான்: "இவர்களின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?"

இப்படியான சம்பவங்களின் பிறகு 2012 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு புதிய ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. அங்கே தொழில் செய்யும் வைத்தியர் ஒவ்வொருவரும் ஐந்து வருடத்திற்கு ஒரு முறை தம் அனுமதி தொடரத் தகுதியானவர் என்று காட்ட வேண்டும். அமெரிக்காவில் சத்திரசிகிச்சைச் சான்றுச் சபை 1976 முதல் கொடுத்த சான்றிதழ்களுக்குப் பத்து வருட ஆயுள்தான். பத்து வருடத்துக்கு ஒரு பரீட்சை என்று இருந்தது, 2018இல் இரண்டு வருடத்துக்கு ஒரு மதிப்பீடு என்று மாறியது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், ஐந்து வருடத்தில் 30 மணித்தியாலமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன.

அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற கட்டாய மறுமதிப்பீடு இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு இல்லை. மாநாட்டுக்குப் போவதும் புதிய முறையைப் பழகுவதும் பெரும்பாலும் அவரவர் மனச்சாட்சியில் தங்கியிருக்கிறது. மனச்சாட்சி உள்ள நிபுணர்கள் நம் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் நோயாளியின் உயிரை ஒருவரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி விடுவது சரிதானா என்று நாம் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தில் என்ன இருக்கும்?

மறுசான்று என்றதும் வெறும் படிவம் நிரப்பிக் கட்டணம் கட்டும் வேலை என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் விண்ணப்பிக்கும் நிபுணர் தாம் அண்மையில் ஒரு வருடத்தில் செய்த சத்திரசிகிச்சைகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அவர் வேலை செய்யும் வைத்தியசாலையின் பொறுப்பாளர்கள் அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். தொடர்கல்வி பெற்றதைக் காட்ட வேண்டும். மதிப்பீட்டிலும் தேற வேண்டும்.

இங்கிலாந்தின் முறையில் பெண்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வருடா வருடம் மூத்தவர் ஒருவரோடு அமர்ந்து தம் வேலையைப் பரிசீலிப்பதோடு, கூட வேலை செய்பவர்களின் கருத்தையும் வைத்தியர் சேர்க்க வேண்டும். தாதியும் அதில் பேசலாம். அதற்கு மேலாக, ஐந்து வருடத்தில் ஒரு தடவையாவது நோயாளிகளின் கருத்தும் பெறப்பட வேண்டும். வைத்தியர் நாம் சொன்னதைக் கேட்டாரா? விளங்கும்படி சொன்னாரா? மரியாதையாக நடத்தினாரா? இவற்றுக்கு நோயாளி கொடுக்கும் பதிலும் அவருடைய கோப்பில் சேர்கிறது. கட்டிலில் படுத்திருப்பவளும் சாட்சிதான் என்று அந்த ஒழுங்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நம் தோட்டங்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். 1980இல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சைக்கு 500 ரூபாய் ஊக்கப்பணம் கொடுக்கத் தொடங்கியது. வறுமையில் இருந்த பெண்ணுக்கு அது பெரிய தொகை. பணத்தை முன்னால் வைத்துவிட்டுக் கேட்கும் சம்மதத்தில் எவ்வளவு சம்மதம் இருக்கும்? இனிப் பிள்ளை பிறக்காது என்பதை அவளுடைய மொழியில் விளக்கிச் சொன்னார்களா என்று பிறகு வந்து கேட்பதற்கு எந்தக் கோப்பிலும் அவளுக்கு இடம் இருக்கவில்லை.

இடையில் விட்டுத் திரும்பும் பெண்கள்

மறுசான்று பெண் வைத்தியர்களுக்கு இன்னொரு விதத்தில் முக்கியம். பிள்ளைப்பேறு, குடும்பம், இடப்பெயர்வு என்று தொழிலை இடையில் விடுபவர்களில் பெண்களே அதிகம். சில வருடம் கழித்துத் திரும்பும்போது "மறந்துபோயிருக்கும்" என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்குள்ளும் பயம் இருக்கும். இங்கிலாந்தில் 2012இல் வெளியான வழிகாட்டல், மூன்று மாதத்துக்கு மேல் விலகியிருந்தவர் திரும்பும்போது கவனமாகத் திட்டமிட வேண்டும் என்றது. முதலில் மூத்தவரின் மேற்பார்வையில் வேலை, பிறகு தனியாக. இதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஒழுங்கான மறுசான்று இருந்தால், திரும்பி வருபவளை யாரும் ஊகத்தில் ஒதுக்க முடியாது. கையைக் காட்டி, தாளை வாங்கி, தலை நிமிர்ந்து கூடத்துக்குள் போகலாம்.

சான்று பெறும் வாசலே பெண்களுக்கு நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியில் 1892இல்தான் பெண்கள் சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியில் எலினோர் டேவிஸ்-கொலி என்ற பெண் முதன்முதலாகப் பெல்லோ (Fellow) என்ற தகுதியைப் பெற்றது 1911இல். அடுத்த வருடம், 1912இல், முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பாட்டிமார் இவ்வளவு பாடுபட்டுத் திறந்த வாசலில், பேத்திமார் குடும்பத்துக்காகச் சில வருடம் விலகினார்கள் என்பதற்காக வெளியே நிற்கக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கேட்கப் பழகுவோம். சத்திரசிகிச்சைக்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்பது நம் உரிமை: எனக்கு என்ன நோய்? என்ன செய்யப் போகிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஆபத்து என்ன? செய்யப் போவது யார்? விளங்காவிட்டால் தமிழில் சொல்லக்கூடிய ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். விளங்கிய பிறகு கையொப்பம் வையுங்கள். அவசர நேரத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது கேள்வியைவிட வேகம் முக்கியம்.

இரண்டாவது, பலகையை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து இருந்தாலும், பதிவு இல்லாதவர் வைத்தியர் அல்ல. மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் கைபேசியிலேயே பார்த்துச் சொல்லும்.

மூன்றாவது, தாள்களைக் காப்பாற்றுவோம். வைத்தியசாலை தரும் நோய் விபர அட்டை, எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். உடம்பில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். சில வகை ஸ்கேன் எடுக்கும்போது உடம்பில் இரும்பு இருப்பது ஆபத்து. கேட்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

நான்காவது, தவறு நடந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். வைத்தியரின் தொழில் ஒழுக்கம் பற்றிய முறைப்பாடு என்றால் மருத்துவ சபைக்கு எழுதலாம். திகதி, விடுதி இலக்கம், நடந்தது என்ன என்பதைக் கோபம் கலக்காமல் எழுதுங்கள். நல்லது நடந்தாலும் எழுதுங்கள். நன்றிக் கடிதமும் ஒரு சாட்சிதான்.

ஐந்தாவது, பிள்ளைகளை அனுப்புவோம். நுவரெலியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியவை பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்படுபவை. அந்த ஒதுக்கீட்டைப் பயன்படுத்த, நம் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவும் அதற்கு ஆசிரியர்களும் இருக்க வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் ரோட்டும் கூரைத் தகடும் மட்டும் கேட்காமல், இரசாயனவியல் ஆசிரியர் எங்கே என்றும் கேட்போம்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் வேலை ஒவ்வொரு நாளும் நிறுக்கப்படுகிறது. நேற்று இருபது கிலோ பறித்தவள் என்பதற்காக இன்று யாரும் நிறுக்காமல் விடுவதில்லை. சுளகில் கல் பொறுக்குபவளின் வேலையையும் கார்மென்ட்டில் தைப்பவளின் வேலையையும் ஒவ்வொரு நாளும் ஒருவர் சரி பார்க்கிறார். அப்படியிருக்க, உயிரின் மேல் கத்தி வைப்பவரின் வேலையைச் சில வருடத்துக்கு ஒரு தடவையாவது சரி பார்ப்பது எவருக்கும் அவமரியாதை ஆகாது. நல்ல நிபுணர் அதற்குப் பயப்பட மாட்டார். அந்தச் சோதனையில் நோயாளியின் வார்த்தைக்கும் இடம் வேண்டும் என்று கேட்கும் உரிமை, அந்தக் கத்தியின் கீழ் படுத்து எழுந்த நமக்கு இருக்கிறது.